துப்பாக்கிக்குச் செலவு, முக்காலிக்குச் சிக்கனம்

முப்பத்தைந்து வருடம் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். துப்பாக்கியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. உட்காருவதைப் பற்றித் தெரியும்.

பிரான்சில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அங்கேயே தங்கிவிட்ட என் பள்ளித் தோழனுடன் சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்குப் போவேன். அவன் நம் புதுச்சேரி சொல்தா. பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரன். வயது எழுபத்து நான்கு. நின்று சுட இடுப்பு இடம் கொடுப்பதில்லை, படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அதனால் 50 மீட்டர் தூரத்தில், மேசைமேல் வைத்துச் சுடுகிறான். உட்கார்ந்து சுடுவதெல்லாம் ஒரு சுடுதலா என்று கேட்பவர்கள் நம் அவனி லேகராவை நினைத்துக்கொள்ளட்டும். சக்கர நாற்காலியில் இருந்தபடியே 2021-இல் டோக்கியோவிலும் 2024-இல் பாரிசிலும் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினவர்.

போன தடவை போனபோது, "கண்ணு போச்சுப்பா, கை நடுங்குது, சந்தாவைப் புதுப்பிக்கலை, விட்டுடப் போறேன்" என்றான். அவன் மனைவி போன பிறகு வாரத்தில் மனிதர் முகம் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். நான் பின்னால் நின்று ஒரு மணி நேரம் கவனித்தேன். கண்ணிலும் கோளாறில்லை, கையிலும் இல்லை. கோளாறு அவன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில்.

மேசையில் சுடும்போது துப்பாக்கியின் முன்பாகம் ஒரு தாங்கியிலும் பின்பாகம் மணல் பையிலும் அசையாமல் கிடக்கிறது. மிச்சம் அசைவது ஆள்தான். ஆள் அசைவதோ அடியில் இருக்கும் ஆசனத்தைப் பொறுத்தது. தாழ்வாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், கழுத்து மேலே வளையும். உயரமாக இருந்தால் முதுகு கூனும். பத்து நிமிடத்தில் மூச்சு மாறும். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்து, முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, கன்னம் கட்டையில் தானாக வந்து உட்கார வேண்டும். சுடுதள மேசைகள் பெரும்பாலும் சிமெண்டில் கட்டியவை, உயரம் மாறாது. மாற வேண்டியது ஆசனம்தான்.

ஆபீஸ் சுழல் நாற்காலி கூடவே கூடாது. சக்கரம் பின்னால் ஓடும், உயரம் தானாக இறங்கும், கைப்பிடி மேசையில் இடிக்கும். மடக்குகிற கேன்வாஸ் ஸ்டூல் நடுவில் தொய்ந்து தொடையை அறுக்கும், கால் மரத்துப்போகும். ஆள் அமுங்கிப்போகிற மெத்தையும் வேண்டாம். கெட்டியான, ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாத திண்டு போதும்.

நான் முக்காலிக் கட்சி. பிரெஞ்சில் தபுரே என்பார்கள். வெர்சாய் அரண்மனையில் ராணி முன்னால் தபுரேயில் உட்காருவது டச்சஸ்களுக்கு உள்ள தனிச் சலுகை, மற்ற பெண்கள் நிற்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மேடு பள்ளமான தரையில் நாலு கால் ஆடும், மூன்று கால் ஆடவே ஆடாது. ஆனால் இரண்டு காலுக்கு நடுவே சாய்ந்தால் கவிழ்த்துவிடும். ஆகவே நம் வயதுக்காரர்களுக்குக் கால்கள் பலகையைவிட வெளியே அகன்று நிற்க வேண்டும். காலுக்குள் கால் நுழைந்து, துளையில் இரும்புக் குச்சி செருகி உயரம் மாற்றுகிற வகை நல்லது. பியானோ ஸ்டூல் மாதிரி திருகி உயர்த்துவது நாளாக நாளாக மரை தேய்ந்து ஆடும். மரமானால் ஆணியை நம்பாமல், கால்களுக்கிடையே குறுக்குக் கட்டை துளைத்துச் செருகியதாக இருக்கட்டும். அடியில் ரப்பர் குல்லா அவசியம்.

இளைஞர்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. யாராவது இலக்குத் தாளை மாற்றப் போனால், எல்லோரும் துப்பாக்கியைக் காலி செய்து திறந்து வைத்துவிட்டு மேசையை விட்டு விலக வேண்டும். ஒரு காலையில் எத்தனையோ தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டியிருக்கிறது! தாழ்ந்த ஆசனமானால் கிழவன் எதைப் பிடித்து எழுந்திருப்பான்? மேசையைத்தான். மேசையில் என்ன இருக்கிறது? சௌகரியம் என்று நாம் சொல்வது அங்கே பாதுகாப்பும்தான்.

துப்பாக்கிக்கும் தொலைநோக்கிக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்கள், ஆசனத்துக்கு மட்டும் தோட்டத்து நாற்காலியைத் தூக்கி வருகிறார்கள். என் தோழனும் அந்த ஜாதிதான். மேசை உயரத்தையும் அவன் முழங்கால் உயரத்தையும் அளந்து, ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே தச்சன் கூலி கேட்டு மலைத்து, "ஊர்லயே செஞ்சு அனுப்பு" என்கிறான். விமானத்தில் முக்காலி அனுப்ப ஆகும் பணத்தில் அங்கேயே இரண்டு வாங்கலாம் என்று பதில் போட்டிருக்கிறேன். சந்தாவைக் கட்டிவிட்டானாம்.