காற்று கூடினால் இறக்கை திரும்பும்

போன லீவில் அபுதாபியிலிருந்து சவுதி எல்லைப் பக்கம் உள்ள சிலா வரை காரில் போனோம். அங்கே காற்றாலைகளைப் பார்த்ததும் பின் சீட்டிலிருந்து மகள், "அப்பா, தாத்தா ஊர்ல இருக்கிற மாதிரியே இருக்கு!" என்றாள்.

தாத்தா ஊர் ஆரல்வாய்மொழிப் பக்கம். கணவாய் வழியாகப் பருவக்காற்று பாயும் இடம், முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். வளைகுடாவில் அந்த அளவு காற்று இல்லை. ஆனாலும் 2023 அக்டோபரில் மஸ்தார் நிறுவனம் சர் பனி யாஸ், தல்மா தீவுகள், சிலா, ஃபுஜைராவின் அல் ஹலா என நான்கு இடங்களில் மொத்தம் 103.5 மெகாவாட் திட்டத்தைத் தொடங்கியது. மிதமான காற்றிலும் மின்சாரம் எடுக்க நீளமான இறக்கைகள் வேண்டும். இறக்கை நீண்டால் அதன் மேல் விழும் பாரமும் கூடும்.

"காத்து நிறைய அடிச்சா நிறைய கரண்ட் வரும்தானே?" என்று அடுத்த கேள்வி.

ஒரு அளவு வரைக்கும்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். மெல்லிய காற்றில் ஜெனரேட்டரின் இழுப்பைக் கூட்டிக் குறைத்து, முடிந்த அளவு சக்தியை எடுப்பார்கள். வினாடிக்கு 11, 12 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் வேலை தலைகீழாக மாறும். இறக்கைகளைத் தம் அச்சில் கொஞ்சம் திருப்பி, கூடுதல் காற்றை விட்டுவிடுவார்கள். 25 மீட்டர் அளவுக்குப் போனால் பெரும்பாலான காற்றாலைகள் நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உயரே காற்று வேகம் அதிகம், கீழே குறைவு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் சேர்ந்தால் விரிசல் விடும். இதைக் குறைக்க மூன்று இறக்கைகளையும் தனித்தனிக் கோணத்தில் திருப்பும் முறை இருக்கிறது. லேசர் கருவியால் முன்னால் வரும் காற்றை அளந்து, முன்கூட்டியே தயாராகும் முறையும் இருக்கிறது. ஆனால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தால் இறக்கையைத் திருப்பும் பேரிங் தேயும். அதனால் எவ்வளவு திருத்துவது என்பதையும் கணக்குப் போட வேண்டும்.

இதைச் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் தூங்கிவிட்டாள்.

ரொம்ப நாளாகச் சனிக்கிழமை காலையில் அவளுக்கு வயிற்று வலி. டாக்டர் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, அபாகஸ், நீச்சல். ஞாயிறு பரதம். நடுநடுவே, "தமிழ்ல பேசு", "நிமிர்ந்து உக்காரு" என்று எங்கள் திருத்தல்கள். எதுவும் தனியாகப் பாரமில்லை. எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். நான் வளர்ந்ததும் இங்கேதான். தமிழ் வாசிக்கத் தடுமாறியவன் நான், அந்தப் பயம் எனக்கு.

அன்று இரவு மனைவியும் நானும் உட்கார்ந்து பேசினோம். அபாகஸை நிறுத்தினோம். தமிழ் வகுப்பை விடவில்லை. ஆனால் வீட்டில் அவள் பேசும்போது பாதியில் திருத்துவதில்லை, முழுசாகச் சொல்லி முடிக்க விடுகிறோம். வயிற்று வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது. போன வாரம் தாத்தாவிடம் போனில் பத்து நிமிஷம் தமிழிலேயே பேசினாள், தப்போடுதான்.

உங்கள் வீட்டில் டேபிள் ஃபேன் இருந்தால், பிள்ளை கையில் ஒரு அட்டையைக் கொடுங்கள். காற்றுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். கை வலி குறைவது அவர்களுக்கே புரியும்.