அழகருக்கு ஆற்று நீர், மீனவருக்கு உப்பு நீர்!

மதுரையில் வருஷந்தோறும் சித்திரைத் திருவிழாவுக்காக வைகை அணையைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். கள்ளழகர் ஆற்றில் இறங்க வேண்டுமாம். ஆறு வறண்டு கிடந்தால் அவருடைய மரியாதை குறைந்து போகுமாம். உலோகத்துக்குத் தாகம் எடுக்குமா என்று கேட்டால் நம்மை நாஸ்திகர் என்பார்கள். அது போகட்டும். இதே வைகையின் கடைமடையாகிய ராமநாதபுரம் ஜில்லாவின் கடற்கரையில் மனிதனுக்குத் தாகம் எடுக்கின்றதே, அதற்கு இவ்வளவு அக்கறை காட்டினவர் யார்?

அங்கே பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு குடம் நிரப்புவதையும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி வெயிலில் தள்ளிப் போவதையும் யாரும் பார்க்கலாம். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பின்பும் இது ஒழியவில்லை. ராமேஸ்வரத்தில் யாத்திரிகன் தலையில் 22 தீர்த்தத்தையும் வாளி வாளியாகக் கொட்டிப் பாவத்தைக் கழுவுகிறார்கள். அந்தப் பக்கத்து மீனவப் பெண்ணோ குடம் கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறாள்.

“மழை இல்லை, பூமி உப்பு, தலைவிதி” என்பது வழக்கமான பதில். 2019-ல் வறட்சி வந்தபோது கோயில்தோறும் வருண ஜபம் செய்யச் சொன்னார்களே, அதுவும் இந்தப் பதிலைச் சேர்ந்ததுதான்.

நிற்க, உண்மை என்ன? 1872-லேயே சிலி தேசத்துப் பாலைவனத்தில் உப்பு நீரின்மேல் கண்ணாடிக் கூரை போட்டு, வெயிலால் ஆவியாக்கி, சுரங்கத்திற்கு நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் எடுத்தார்கள். எந்த மந்திரமும் சொல்லவில்லை. கன்னியாகுமரியில் சென்னை ஐ.ஐ.டி.யார் சூரிய சக்தியால் கடல் நீரை நாளொன்றுக்கு 10,000 லிட்டர் குடிநீராக்கும் நிலையம் அமைத்துக் காட்டினார்கள்.

ராமநாதபுரத்தில் வெயிலுக்கும் பஞ்சமில்லை, மின்சாரத்துக்கும் பஞ்சமில்லை. கமுதிக்குப் பக்கத்தில் 2016-ல் அதானி கம்பெனியார் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தார்கள். கடல் நீர் ஆயிரம் லிட்டரைச் சவ்வு முறையில் குடிநீராக்க மூன்று நான்கு யூனிட் போதும். 2011 கணக்குப்படி ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 13½ லட்சம். ஆளுக்கு 55 லிட்டர் கொடுப்பதானால், அந்த நிலையம் நடுப்பகலில் முழு சக்தியில் ஓடும் அரை மணி நேரத்து மின்சாரம் போதும்! குழாயில் தள்ளும் செலவு வேறு. அதையும் சேர்த்தாலும் ஒரு பகல் முழுவதும் ஆகிவிடாது. அங்கிருந்து கடல் சுமார் இருபது மைல்தான். ஆயினும் அந்த மின்சாரம் கம்பி வழியே ஊர் ஊராய்ப் போகிறது. குடம் மாத்திரம் காலியாய் இருக்கிறது.

இயந்திரத்தை வைத்துவிட்டால் மாத்திரம் போதாது. நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் கொடுக்கக் கட்டிய நிலையம் சில காலம் ஓடிப் பின்பு ஓய்ந்தது. சவ்வு மாற்றவும், பம்பு பார்க்கவும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தொழில் கற்பித்துச் சம்பளமும் கொடுக்க வேண்டும். மிஞ்சும் கடும் உப்பு நீரைக் கரையோரத்தில் கொட்டினால் மீன் குஞ்சு சாகும். மீனவனுக்குத் தண்ணீர் கொடுத்துப் பிழைப்பைப் பிடுங்கினதாக ஆகும்.

கக்கூஸ் சங்கதியும் இதோடு ஒட்டியதே. கடலோர மணலில் குழிக் கக்கூஸ் கட்டினால் கசிவு ஊற்றுக்கே போய்ச் சேரும். நீர் புகாத தொட்டி வேண்டும். அது நிரம்பினால் இறங்குவது யார்? எந்த ஜாதியான் என்று கேட்கத் தேவையில்லை. மதுரை மாநகராட்சியின் கழிவுநீர்க் கிணற்றில் 2022 ஏப்ரலில் மூன்று தொழிலாளர் மூச்சுத் திணறி மாண்டனர். மனிதனை இறக்குவதைத் தடை செய்யும் சட்டமோ 2013-லேயே வந்துவிட்டது. கும்பகோணத்தில் 2018-லேயே சாக்கடைக் குழிக்குள் இயந்திரத்தை இறக்கிக் காட்டினார்கள்.

ஆகவே அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கடற்கரைத் தோழர்கள் கோயில் திருப்பணியைப் பற்றி விசாரிக்க வேண்டாம். கமுதி மின்சாரத்தில் எத்தனை யூனிட் எங்கள் குடத்துக்கு என்று மட்டும் கேட்கட்டும்.