ரௌட்டரை மாற்றுமுன் ஆராய வேண்டுவன

வீட்டு இணைய இணைப்பிற்குரிய ரௌட்டர் பழுதுற்றாலோ பழமையடைந்தாலோ, வேறொன்று வாங்குவோர் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள வேக எண்ணையும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையையும் கொண்டே தீர்மானிக்கின்றனர். இம்முறை தவறானது. புதிய கருவி என்ன செய்யவல்லது என்பதைக் காட்டிலும், பழைய கருவி இதுகாறும் என்னென்ன செய்துவந்தது என்பதே முதலில் ஆராயத்தக்கது.

ஏ.சி.1200 எனும் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300 மெகாபிட்டையும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867 மெகாபிட்டையும் கூட்டி முழு எண்ணாக்கியதே அது. இவ்வெண்ணைத் தாங்கிய கருவிகளுள், கம்பி இணைப்புத் துளைகள் 100 மெகாபிட்டிற்கு மேல் இயங்காதனவும் உண்டு. 200 மெகாபிட் திட்டத்திற்குக் கட்டணம் செலுத்துபவர் அதனை வாங்குவாராயின், பாதி வேகத்தை இழப்பார்.

மாற்றத்தால் நேரும் இழப்புகளுள் சில உடனே வெளிப்படும். கண்ணாடியிழை இணைப்பில் சேவை நிறுவனம் அளித்த பெட்டியிலேயே தரைவழித் தொலைபேசிக்குரிய துளையும் இருக்கலாம். கடையில் வாங்கும் ரௌட்டர்களில் அது பொதுவாக இராது. இணைப்பிற்குரிய பயனர் பெயர், கடவுச்சொல், வீ.எல்.ஏ.என். எண் ஆகியவை தெரியாவிடில் இணையமே வாராது. 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யு.பி.ஏ.3 பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்குமாறு கருவியை அமைத்தால் பழைய அச்சுப்பொறி இணைய மறுக்கும். இவை தொல்லை தருவனவே. ஆயினும் அன்றைக்கே தெரிந்துவிடுவதால் அன்றைக்கே பரிகாரமும் தேடப்படும்.

வெளியே தெரியாத இழப்புகளே கவலைக்குரியவை. ஓர் ஆசிரியர் இல்லத்தில், சிறுவர்க்கு ஒவ்வாத தளங்களைத் தடுக்கும் பொருட்டு, கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 1.1.1.3 போன்ற டி.என்.எஸ். முகவரி ரௌட்டரில் பதியப்பட்டிருக்கலாம். ஒரு கள ஊழியர் இல்லத்தில், அலுவலகக் கணினி ஒரு வலையிலும், தொலைக்காட்சியும் கண்காணிப்புக் கேமராவும் விருந்தினர் வலையிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கலாம். புதிய கருவியைப் பொருத்தியவுடன் தடுப்பும் பிரிவும் மறைகின்றன. இணையமோ முன்னிலும் விரைவாக வருகிறது. ஆகவே எவருக்கும் ஐயம் எழுவதில்லை. இத்தகைய அமைப்புகளைப் புதிய மாடல் ஏற்குமா என்பதை வாங்குமுன் உறுதி செய்யாதிருப்பது, பூட்டில்லாக் கதவை வாங்கி மாட்டுவதை ஒக்கும்.

விளம்பரச் சொற்களையும் அப்படியே நம்புதல் கூடாது. வீ.பி.என். என்று குறித்திருப்பது, வீட்டிலிருந்து செல்லும் வீ.பி.என். போக்குவரத்தை வழிவிடுவதை மட்டுமே குறிக்கலாம். வெளியூரிலிருந்து வீட்டு வலைக்குள் நுழைய உதவும் சர்வர் வேறு. சிறுவர் கட்டுப்பாட்டின் முக்கியப் பகுதிகளுக்குச் சில நிறுவனங்கள் ஆண்டுச் சந்தா கேட்கின்றன. போர்ட் ஃபார்வர்டிங் வேண்டுவோர் முதலில் பழைய கருவியின் நிலைமைப் பக்கத்தில் வெளிப்புற முகவரியைக் காண்க. அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குமாயின், சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கிறது என்பது பொருள். அந்நிலையில் எத்துணை விலையுயர்ந்த ரௌட்டரும் பயன்படாது. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரியே கேட்க வேண்டும்.

பயனர் கையேடுகளைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தம் தளங்களில் இலவசமாக வெளியிடுகின்றனர். விளம்பரத்தை விடுத்து அதனைப் படித்தல் நலம். பழைய கருவியின் அமைப்புக் கோப்பு வேறு நிறுவனத்தின் கருவியில் ஏறாது; ஆதலின் அமைப்புப் பக்கங்களைக் கைப்பேசியால் படமெடுத்துக்கொள்ளலாம். வீட்டு வலை 192.168.1 என்று தொடங்கியிருந்து, புதியது 192.168.0 என்று தொடங்கினால், நிலையான முகவரி கொடுக்கப்பட்ட அச்சுப்பொறி காணாமற்போகும். மின்வெட்டிற்கென 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். வைத்திருப்போர் புதிய கருவியின் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிடுதல் வேண்டும். கடைக்காரர் இதனைச் சொல்வது அரிது.

புதியது ஒரு வாரம் செவ்வனே இயங்கும் வரை பழையதை அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் பிறரிடம் கொடுக்குமுன், அதனுள் தங்கியுள்ள கடவுச்சொற்கள் நீங்கும்படி, ரீசெட் துளையை அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுக.