சேத்துப்பட்டுக் கணக்கு

பணக்கார நாடு மருந்து கொடுக்கும், ஏழை நாடு கைநீட்டி வாங்கும். உலக சுகாதாரம் என்றாலே நம்மில் பலருக்கு இந்தப் படம்தான். அங்கே உதவியை வெட்டினால், "அவர்கள் பணம், அவர்கள் இஷ்டம்" என்று இங்கேயே நாலு பேர் தலையாட்டுகிறார்கள். வரவை விட்டுவிட்டுப் பற்றை மட்டும் எழுதிய கணக்கு இது.

விட்டுப்போன வரவைப் பார்க்கச் சேத்துப்பட்டு வரை போனால் போதும். காசநோய் என்றால் சானடோரியம் என்றிருந்த காலம்: நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. (தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்னும் அந்தப் பெயரோடுதான் நிற்கிறது.) 1956இல் இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகங்கள், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம் எல்லாம் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு சோதனையில் இறங்கின. 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஏறக்குறைய பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மற்றவர்கள் வீட்டுக்கு. வீடு என்றால் என்ன வீடு? நெருக்கியடித்துப் படுக்கும் குடும்பம், அரைவயிற்றுச் சாப்பாடு. வாரம் ஒருமுறை வந்து ஐசோனியாசிட், பாஸ் மருந்துகளை வாங்கிப் போவார்கள். விழுங்குகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஆள் வரும், சிறுநீரையும் சோதிப்பார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே பலன். வீட்டாரைத் தொடர்ந்து கவனித்ததில் அவர்களுக்கும் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

1959இல் முடிவு வெளியானது. மேலை நாடுகளில் சானடோரியங்கள் கதவடைத்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அதில் அந்த அரசுகளுக்கு மிச்சமான பணத்தை எந்த நன்கொடைப் பட்டியலும் சென்னை ஏழைகளின் பெயரில் வரவு வைக்கவில்லை. மருந்து அங்கிருந்து வந்ததுதானே என்பார்கள். வந்ததுதான். கட்டில் இல்லாமலும் அது கேட்கும் என்று காட்டியது இந்த உடம்புகள்.

அந்த வரவைக் கேட்டவர்களும் உண்டு. 2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை அனுப்ப மாட்டேன் என்றபோது, உலகையே பணயம் வைக்கிறது என்று கூச்சல் எழுந்தது. நோயாளியிடம் எடுத்த மாதிரி இலவசமாகப் போய், தடுப்பூசியாக விலையோடு திரும்புவதா என்று சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி கேட்டதில் என்ன தப்பு? (அந்த அம்மையார் பின்னாளில் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். அதனால் கேள்வி பொய்யாகிவிடாது.) மாதிரியைப் பகிர்ந்தால் பலனையும் பகிர வேண்டும் என்று 2011இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு ஏற்பாட்டை ஒப்புக்கொண்டது. அதுவும் கொள்ளைநோயாகக்கூடிய இன்ஃப்ளூயன்சா வைரஸ்களுக்கு மட்டும். காசநோய்க் கிருமிக்கு அது செல்லாது.