எஸ்.பி. ரோட்டில் ஒரு விளக்கு

பெங்களூர் டவுன் ஹாலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சாதர் பத்ரப்பா சாலையை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். ஒயர், மோட்டார், சென்சார், பழைய கம்ப்யூட்டரின் குடல் என்று சகலமும் கிடைக்கிற அந்த நெரிசலில், இன்ஜினியரிங் மாணவர்கள் கையில் சீட்டுடன் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். சீட்டில் முதல் வரி பெரும்பாலும் ஆர்டுயினோவாகத்தான் இருக்கும்.

அந்த அலைச்சல் பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் நகரத்தில் உண்டு. இறுதியாண்டு புராஜெக்டை முடித்தே கொடுத்துவிடுவார்கள். பலகை, புரோகிராம், பைண்டு செய்த அறிக்கை எல்லாம் ஒரே விலையில். மாணவர் தன் பெயரை எழுதினால் போதும். வில்லங்கம் வைவாவில்தான். 'எல்.இ.டி.க்கு முன்னால் இந்த ரெசிஸ்டர் எதற்கு?' என்று தேர்வாளர் கேட்டால் விழிக்க வேண்டியதுதான். டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985லேயே கடை விரித்து, சிப்களை வடிவமைப்பதில் பெயர் வாங்கிய ஊரில் இது கொஞ்சம் சங்கடமான காட்சி.

அந்தப் பதிலைச் சொந்தமாகக் கற்றுக்கொள்ளப் பெரிய செலவில்லை. இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005இல், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத டிசைன் மாணவர்களுக்காகப் பிறந்தது ஆர்டுயினோ. அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்தே இருப்பதால் யாரும் நகல் செய்யலாம். அப்படி வந்த நகல் 'யூனோ' பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் மூளையான ஏடிமெகா 328 சிப்பின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். புரோகிராமுக்கு 32 கிலோபைட். தற்காலிக நினைவுக்கு வெறும் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையைக்கூட முழுதாக நினைவில் வைத்துக்கொள்ளாது. ஆனால் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தச் சொல்ல அது தாராளம்.

முதல் தடங்கல் பெரும்பாலும் கேபிளில் வரும். பலகையில் விளக்கு எரியும். கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. செல்போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தகவல் போக ஒயர் இருக்காது. கேபிளை மாற்றியும் தெரியாவிட்டால், நகல் பலகைகளில் பரவலாக இருக்கும் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப்புக்கு டிரைவர் போட வேண்டியிருக்கலாம். இதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடுவதுண்டு.

பிறகு 'பிளிங்க்'. ஆர்டுயினோ மென்பொருளிலேயே வரும் மாதிரிப் புரோகிராம் இது. 13ஆம் பின்னுடன் பலகையிலேயே பொருத்தியிருக்கும் விளக்கு ஒரு விநாடி எரியும், ஒரு விநாடி அணையும். அதில் இருக்கும் 1000 என்ற எண் மில்லி விநாடிக் கணக்கு. அதை 200 ஆக்கி மறுபடி ஏற்றினால் விளக்கு படபடக்கும். அந்த நிமிடத்தில் புரோகிராம் கொஞ்சமாவது சொந்தமாகிவிடுகிறது.

அடுத்து, வெளியே தனி எல்.இ.டி. நீளக் கால் பாசிட்டிவ். பின்னிலிருந்து வருவது 5 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது சுமார் 2. மிச்சமுள்ள 3 வோல்ட்டை 220 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் ஓடும் மின்சாரம் 14 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஆளில்லை. பின் ஒன்றின் உச்சவரம்பு 40 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டினால் எல்.இ.டி.யோ பின்னோ போய்விடலாம். தேர்வாளர் கேட்டது இவ்வளவுதான்.

பட்டன் இணைக்கும்போதுதான் உண்மையான பாடம். ஒருமுறை அழுத்தினால் பலகை மூன்று, நான்கு என்று எண்ணும். புரோகிராமில் பிழை தேடிப் பயனில்லை. பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் ஒட்டுவதற்கு முன் சில மில்லி விநாடிகள் துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலும் ஓர் அழுத்தமாகப் பதிவாகிறது. முதல் அழுத்தத்துக்குப் பின் 50 மில்லி விநாடி காதை மூடிக்கொள்ளச் சொன்னால் கணக்கு சரியாகிவிடும். பைண்டு செய்த அறிக்கையை வாங்கியவருக்கு இந்தத் துள்ளல் கண்ணில் படுவதே இல்லை.

இதைத் தாண்டியவர்கள் மறுபடியும் எஸ்.பி. ரோட்டுக்குத்தான் வருவார்கள். வைஃபை வேண்டுமானால் ஷாங்காய் நிறுவனமான எஸ்பிரெசிஃப்பின் இஎஸ்பி32. சுதேசி வேண்டுமானால் சி-டாக்கின் வேகா பிராசஸர் கொண்ட ஏரீஸ் பலகை. அதற்கும் ஆர்டுயினோ மென்பொருளிலேயே எழுதலாம். இஎஸ்பி32 வாங்குபவர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் தரும் சென்சாரை நேரே இணைக்கக் கூடாது. கடைக்காரர் இரண்டையும் ஒரே பையில் போட்டுத்தான் கொடுப்பார்.