கத்தரிக்கோல் யார் கையில்?

'தி லாஸ்ட் டான்ஸ்' பார்த்திருப்பீங்க. 2020 ஊரடங்குல வந்த பத்து பாகத் தொடர். சிகாகோ புல்ஸ் அணியோட 1997-98 சீசனை, உடை மாத்தற அறை வரைக்கும் போய்ப் படம் பிடிச்சிருந்தாங்க. விறுவிறுப்பு, ஒத்துக்கறேன். ஆனா இதைப் போய் 'உள்ளது உள்ளபடி'ங்கறாங்க பாருங்க, அங்கதான் கடுப்பாகுது.

ஜோர்டான் சம்மதிக்காம அந்தக் காட்சிகளை வெளியிடக் கூடாதுன்னு அப்பவே ஒப்பந்தம். இருபது வருஷம் பெட்டியில கிடந்துச்சு. தொடரோட நிர்வாகத் தயாரிப்பாளர்கள்ல அவர் தொழிலைக் கவனிக்கறவங்களும் உண்டு. அப்புறம் யாரு ஹீரோவாத் தெரிவாங்களாம்?

வில்லன் வேஷம் பொது மேலாளர் ஜெர்ரி கிராவுஸுக்கு. அவர் உருவத்தை ஜோர்டான் கிண்டலடிக்கறதெல்லாம் வருது. அவர்கிட்ட தப்பே இல்லைன்னு சொல்ல வரலை. ஆனா 1987ல பிப்பனைக் கொண்டுவந்ததும், பில் ஜாக்சனைப் பயிற்சியாளர் ஆக்கினதும் அதே மனுஷன்தானே! பதில் சொல்ல அவர் இல்லை, 2017லயே போய்ச் சேர்ந்துட்டார். பிப்பன் இருந்ததால 2021ல புத்தகம் போட்டுத் தன் ஆத்திரத்தைக் கொட்டினார்.

இங்க புணேயில எங்க ஆபீஸ்ல இதைப் போட்டுக் காட்டித் தலைமைப் பண்பு வகுப்பே எடுத்தாங்க. 1995ல பயிற்சியில ஸ்டீவ் கெர் முகத்துல குத்தினாரே, அதுக்கும் கைதட்டல். எங்க மேனேஜர் எதைக் கத்துக்கிட்டாரோ, பயமாயிருக்கு சாமி.

பையன் கேக்கறான்: "அந்தக் குண்டு மாமா ஏம்ப்பா கெட்டவர்?" உங்க வீட்லயும் கேப்பாங்க. படத்தை நிறுத்திட்டு, கத்தரிக்கோல் யார் கையில இருந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க.