பாவம், அந்த மோதிர விரல்!

இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரிகள் ஒரு நிமிஷம் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்வதைச் செய்து பாருங்கள். இடது கையை மேஜைமேல் கவிழ்த்து வையுங்கள். நடு விரலை மட்டும் மடக்கி உள்ளங்கைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். இப்போது மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். கட்டை விரல் எழும்பும். ஆள்காட்டி விரல் எழும்பும். சுண்டு விரல்கூட எழும்பும். மோதிர விரல்? பசை போட்டு ஒட்டின மாதிரி அப்படியே கிடக்கும்!

பயப்படாதீர்கள், உங்கள் கையில் எந்தக் கோளாறும் இல்லை. கடவுள் படைப்பே அப்படி. இதை இப்போது சொல்லக் காரணம், ஒரு வாசகி எழுதியிருக்கும் கடிதம்.

“என் பொண்ணுக்குப் பத்து வயசு. ஒரு வருஷமா கிளாசிகல் கிடார் கத்துக்கறா. இடது கையில மூணாவது, நாலாவது விரலுக்குப் பலமே இல்லைன்னு சொல்லி, ஸ்பிரிங் வைத்த ஒரு கருவியை வாங்கி தினம் அரை மணி அமுக்கச் சொல்லியிருக்காங்க. இப்போ ராத்திரியில மணிக்கட்டு வலிக்குதுன்னு அழறா. இவரோ, கிடாரே வேண்டாம், நிறுத்திடுங்கறார். குழந்தைக்கு அதுதான் உயிர். நான் என்ன பண்றது அக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

நான் டாக்டரும் இல்லை, வித்வாம்சினியும் இல்லை. மகளுக்குத் துணையாகக் கிடார் வகுப்புக்குப் போய், பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தவள். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன். முதலில் பதில்: கிடாரை நிறுத்த வேண்டாம் தங்கச்சி, ஸ்பிரிங்கை நிறுத்துங்கள். ராத்திரியில் அழுகிற அளவுக்கு வலி இருப்பதால் எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். வலி தீரும்வரை கிடாருக்கும் ஓய்வு கொடுங்கள்.

ஏன் என்கிறீர்களா? விரல்களுக்குள் தசையே கிடையாது. விரலை மடக்குகிற, நீட்டுகிற பெரிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான நரம்புக் கயிறு மாதிரி தசைநார்கள் வந்து விரல்களை இழுக்கின்றன. வலது கையால் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டினால் தோலுக்கு அடியில் அசைவது தெரியும்.

விரலை நீட்டுவதற்கு ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தனியாக ஒவ்வொரு தசை கூடுதலாக இருக்கிறது. நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் அந்தச் சலுகை இல்லை. போதாக்குறைக்கு, புறங்கையில் மோதிர விரலின் தசைநாரை அக்கம்பக்கத்து விரல்களோடு குறுக்குப் பட்டைகள் கட்டிப்போட்டிருக்கின்றன. மடக்கும் வேலையிலும் ஆள்காட்டி விரல் தனிக் குடித்தனம். நடு, மோதிர, சுண்டு விரல்கள் மூன்றும் கூட்டுக் குடும்பம். மோதிர விரல் பலவீனமானது அல்ல, கட்டுண்டது. கட்டுண்டவரைப் பலமாக இழுத்தால் என்ன ஆகும்? காயம்தான் ஆகும்.

இப்படி இழுத்துப் பார்த்தவர்கள் முன்பும் இருந்தார்கள். ஜெர்மனியில் 1810-ல் பிறந்த ராபர்ட் ஷூமன் பெரிய பியானோ வித்வானாக வர ஆசைப்பட்டவர். இருபது வயதைத் தாண்டிய சமயத்தில் அவருடைய வலது கை விரல் ஒன்று சொன்னபடி கேட்காமல் போயிற்று. விரலைப் பழக்க அவர் ஒரு கருவியையும் உபயோகித்திருக்கிறார். கெடுத்தது அந்தக் கருவிதானா, வேறு நோயா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எப்படியோ, அவர் கச்சேரி மேடையை மறந்து பாட்டு எழுதுகிறவரானார். 1880-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் வில்லியம் ஃபோர்ப்ஸ் என்ற சர்ஜன், பியானோ வாசிப்பவர்களின் புறங்கையில் அந்தக் குறுக்குப் பட்டையையே கத்தியால் அறுத்துவிட்டார்! நல்ல வேளை, அந்த வழக்கம் நிலைக்கவில்லை.

நம் ஊர் நாட்டிய வகுப்பைப் பாருங்கள். திரிபதாக முத்திரையில் மோதிர விரலை மட்டும் மடக்கி, சுண்டு விரலையும் மற்ற இரண்டையும் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த குட்டிகளுக்குச் சுண்டு விரலும் கூடவே வளைந்து வரும். சில மாதங்களில் தானே சரியாகிவிடும். ஸ்பிரிங்கா வாங்கினோம்? மெதுவாகத் தினமும் செய்ததில் மூளை கற்றுக்கொண்டது. கிடாருக்கும் அதே வழிதான்.

வீணையில் இடது கைக்கு ஆள்காட்டி விரலும் நடு விரலும்தான் முக்கியம். கிடாரில் நாலு விரலும் வேலை செய்ய வேண்டும். ஆள்காட்டி விரல் 1, நடு விரல் 2, மோதிர விரல் 3, சுண்டு விரல் 4 என்று எண் கொடுப்பார்கள். பியானோவில் கட்டை விரல்தான் 1. கீபோர்டு கற்ற குழந்தைகள் குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை.

முதலில் கிடாரின் அளவு. பெரியவர்கள் கிடாரில் தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர். பத்து வயதுக் கைக்குப் பெரும்பாலும் முக்கால் அளவுக் கிடார் போதும். சின்னக் கையை அகட்டி அகட்டி வாசித்தாலே வலி வரும்.

அடுத்து உட்காரும் விதம். கைப்பிடி இல்லாத நாற்காலியின் முன்பக்கமாக உட்கார்ந்து, இடது காலைச் சின்ன முக்காலிமேல் வைத்து, கிடாரை இடது தொடையில் நிறுத்த வேண்டும். மணிக்கட்டு அதிகமாக மடங்கக் கூடாது. கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால் சும்மா சாய்ந்திருக்கட்டும். இறுக்குகிறாளா என்று பார்க்க, வாசித்துக்கொண்டிருக்கும்போதே கட்டை விரலை ஒரு விநாடி எடுக்கச் சொல்லுங்கள். சுரம் நிற்காமல் கேட்டால் சரி.

மூன்றாவது, எவ்வளவு அமுக்குவது? தந்தியை இடது விரலால் தொட்டுக்கொண்டு வலது கையால் மீட்டினால் ‘டொக்’ என்று கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். சுத்தமாக நாதம் வந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் அமுக்குவது வீண். விரல் மெட்டுக்கு மிகவும் அருகில் இருந்தால் இன்னும் லேசாக அமுக்கினால் போதும். இதைத் தெரிந்துகொண்டால், எதற்கு ஸ்பிரிங் என்று உங்களுக்கே தோன்றும்.

இப்போது பயிற்சி. தலைப்பக்கத்திலிருந்து தொடங்காமல் 5-வது மெட்டிலிருந்து தொடங்குங்கள். பெரிய கிடாரில் தலைப்பக்கத்து நாலு கட்டங்கள் சுமார் 134 மில்லிமீட்டர். 5 முதல் 8 வரையுள்ள நாலு கட்டங்கள் சுமார் 106 மில்லிமீட்டர்தான். விரல் அகல வேண்டிய தூரம் குறைகிறது அல்லவா?

மூன்றாவது தந்தியில் 5, 6, 7, 8 மெட்டுகளில் நாலு விரலையும் வரிசையாக வைக்க வேண்டும். அமுக்க வேண்டாம், தொட்டிருந்தால் போதும். மற்ற மூன்றும் அசையாமல் இருக்க, ஒரு விரலை மட்டும் தூக்கி இரண்டாவது தந்திக்குக் கொண்டுபோய்த் திரும்ப மூன்றாவது தந்திக்கே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் நாலு தடவை. மோதிர விரல் முறை வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது. ஒரு அரிசி உயரம் எழும்பினாலும் போதும். என் மகள் முதல் வாரம் “அம்மா, இது கேக்கவே மாட்டேங்குது!” என்று சிணுங்கினாள். மூன்றாம் வாரம் கேட்டது.

பிறகு வாசித்துப் பழகும் வரிசைகள். 1-2-3-4, 1-2-4-3, 1-3-2-4 என்று நாலு விரலையும் மாற்றி மாற்றிப் போட்டால் மொத்தம் 24 வரிசைகள் வரும். தினம் ஒன்று போதும். நிமிஷத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு ஒரு சுரம். சும்மா இருக்கும் விரல் தந்திக்குப் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும், ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஐந்து நிமிஷம் செய்து, கையை உதறிவிட்டு, வேறு பாட்டு வாசிக்கட்டும். ஒரே மூச்சில் அரை மணியைவிட, காலையில் ஐந்து நிமிஷமும் மாலையில் ஐந்து நிமிஷமும் நல்ல பலன் தரும்.

எந்த வலி பரவாயில்லை, எது ஆபத்து? விரல் நுனி எரிந்து, சில வாரங்களில் காய்த்துப் போவது சகஜம். மரத்துப் போவது, குத்துவது, மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலிப்பது, மறுநாளும் நீடிப்பது ஆகியவை எச்சரிக்கை. உடனே நிறுத்த வேண்டும். இடது கை நகங்களை ஒட்ட வெட்டுங்கள். பாத்திரம் தேய்த்த ஈரத்தோடு கிடாரை எடுக்காதீர்கள். ஊறின தோலைத் தந்தி அறுக்கும்.

கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமான சில மாதங்களில், குழந்தையை அடிக்கடித் தூக்குவதால் கட்டை விரல் அடியில் மணிக்கட்டு ஓரம் வலி வருவதுண்டு. டாக்டர்கள் ‘டி கெர்வைன்’ என்பார்கள். கட்டை விரலை உள்ளே வைத்து விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கும்போது சுரீரென்றால் சந்தேகப்படலாம். அப்படி இருந்தால் கிடார் காத்திருக்கட்டும், டாக்டரைப் பாருங்கள்.

1928-ல், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார்க்காரருக்கு 18 வயதிருக்கும்போது, தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கின. மீதி இரண்டு விரல்களால் புதிதாகப் பழகி ஜாஸ் உலகையே அசத்தினார். பலத்தைக் கூட்டி அல்ல, இருக்கிற கையைப் புரிந்துகொண்டு.

கடிதம் எழுதிய தங்கச்சி, வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “டாக்டர் சரின்னு சொன்னப்புறம் 24 நாள் டைம் குடுங்க. ஸ்பிரிங் கிடையாது, அரை மணி கிடையாது, வலிச்சா அன்னிக்கு லீவு.” மாஸ்டரிடமும் தயங்காமல் பேசுங்கள். மரியாதையோடு கேட்கிற தாய்க்கு நல்ல குரு கட்டாயம் காது கொடுப்பார். அந்த 24 நாளில் குழந்தை ராத்திரி அழாமல் தூங்கினாளா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.